வளர்கிற பிள்ளைகளுக்குத் தைராய்டு: ரத்தம் கொடுக்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரள எல்லையோரம், பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு சின்ன லேபில் 19 வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கினால் முதலில் வருவது சர்க்கரைக்காரர்கள், அடுத்தது தைராய்டுக்காரர்கள். முன்பெல்லாம் தைராய்டு என்றால் நாற்பதைத் தாண்டிய அக்காமார்தான். இப்போது யூனிஃபார்மோடு, மடியில் புத்தகப் பையும் மடக்கிய முழங்கையில் பஞ்சுமாகப் பிள்ளைகளும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். நோய் கூடிவிட்டதா, டெஸ்ட் எழுதுவது கூடிவிட்டதா என்று கேட்டால், இரண்டாவதுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

என் மகளும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவள்தான். அது தெரிந்து வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமிருந்தெல்லாம் வந்து கேட்கிறார்கள். சொன்னதையே சொல்லி வாய் ஓய்ந்துபோனதால் எழுதிவைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. அவர் சொன்னது புரியாமல் என் ஜன்னலுக்கு வந்து கேட்பவர்களுக்காகத்தான் இது.

"பாப்பாவுக்குத் தைராய்டு இருக்குதுன்னு சொல்லிட்டாங்க அக்கா. அப்படீன்னா என்னங்க?"

தைராய்டு உங்களுக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் சுரப்பி அது. உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அதில் சுரக்கும் ஹார்மோன்தான் முடிவு செய்கிறது. இதயத் துடிப்பு, ஜீரணம், சூடு, தூக்கம், எலும்பு வளர்ச்சி, மாதவிடாய் எல்லாம் அதன் கையில். பாப்பாவுக்கு வந்திருப்பது அந்தச் சுரப்பியில் ஒரு கோளாறு.

பத்து வயதுக்கு மேல் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை 'ஆட்டோ இம்யூன்' வகை. வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்தச் சுரப்பியையே அடிக்க ஆரம்பிக்கிறது. அடிபட்டுச் சுரப்பி மெல்ல மெல்லத் தேய்ந்தால் அது ஹாஷிமோட்டோ; ஜப்பானிய டாக்டர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-இல் எழுதிவைத்ததால் அந்தப் பெயர். அதே எதிர்ப்புச் சக்தி சுரப்பியை அடிப்பதற்குப் பதிலாக விரட்டி விரட்டி வேலை வாங்கினால் அது கிரேவ்ஸ். அயர்லாந்தின் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இல் விவரித்தது. என் லேபுக்கு வரும் பிள்ளைகளில் ஹாஷிமோட்டோதான் அதிகம். எந்த ஊரிலும் அப்படித்தான்.

"பெரியவங்களுக்குத்தானே வரும்? பதிமூணு வயசுல எப்படிங்க?"

சிறு வயதிலேயே வரலாம். ஆனால் வயசுக்கு வரும் பருவத்தை ஒட்டித்தான் அதிகமாகத் தலை காட்டும். பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகம். அம்மா, பெரியம்மா, அத்தை என்று வீட்டில் யாருக்காவது இருந்தால் வாய்ப்பு கூடும். டைப் 1 சர்க்கரை, வெண்புள்ளி, திட்டுத் திட்டாக முடி உதிர்வது, கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், டவுன் சின்ட்ரோம், டர்னர் சின்ட்ரோம், இவற்றில் ஏதாவது உள்ள பிள்ளைகளுக்கும் அப்படியே. இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு டாக்டர் அவ்வப்போது தைராய்டு டெஸ்டும் எழுதுவது இதனால்தான்.

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் டெஸ்டை நினைத்துக்கொண்டு, "அப்பவே நார்மல்னு சொன்னாங்களே" என்று சிலர் கேட்பார்கள். அது பிறவியிலேயே சுரப்பி இல்லாமலோ வேலை செய்யாமலோ போவதைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட். பின்னாளில் வருவதை அது முன்கூட்டிச் சொல்லாது.

"உப்பா, கப்பக்கிழங்கா, முட்டைக்கோஸா? எதைச் சாப்பிட்டு வந்துச்சுங்க?"

எதைச் சாப்பிட்டும் வரவில்லை. முதலில் இந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கிவையுங்கள். எந்த அம்மா வந்தாலும், தான் சமைத்ததில் ஏதோ தப்பு என்று தொடங்குகிறார். அப்பாமார் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

நம் பக்கம் கப்பை, அதுதான் மரவள்ளிக்கிழங்கு, வாரத்துக்கு இரண்டு நாளாவது இருக்கும். அதில் உள்ள ஒரு பொருள் உடம்புக்குள் தயோசயனேட்டாக மாறி, சுரப்பிக்குள் அயோடின் போவதைத் தடுக்கும். அது உண்மைதான். ஆனால் சாப்பாட்டில் அயோடினே இல்லாமல் தினமும் கப்பையையே நம்பியிருப்பவர்களுக்குத்தான் அது பெரிய விஷயம். வேகவைத்து முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கும் நம் வழக்கம் நல்ல வழக்கம். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் வெந்தபிறகு அப்படியொன்றும் செய்துவிடாது. பச்சையாகக் கிண்ணம் கிண்ணமாகத் தின்றால்தான் யோசிக்க வேண்டும். யார் தின்கிறார்கள்?

உப்புக்கு வருவோம். அயோடின் இல்லாமல் கழுத்து வீங்குவதைத் தடுக்க இந்தியாவில் 1962-இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கினார்கள். கடையில் வாங்கும் அயோடின் உப்பில், நம் கைக்கு வரும்போது, கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். அயோடின் கிடைக்க ஆரம்பித்த இடங்களில் ஆட்டோ இம்யூன் வகை ஓரளவு கூடுதலாகக் கண்ணில் படுவதும் உண்மை. அதற்காக அயோடின் சேர்க்காத கல்லுப்புக்கு மாறாதீர்கள். வளர்கிற மூளைக்கு அயோடின் வேண்டும். வீட்டில் நாளைக்குக் கர்ப்பமாகப் போகிறவர்களும் அதே உப்பைத்தான் சாப்பிடுகிறார்கள். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

"எதைப் பார்த்துச் சந்தேகப்படறது? எம் பொண்ணு குண்டாகவே இல்லீங்களே."

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். பெரியவர்களுக்குத் தைராய்டு குறைந்தால் எடை, களைப்பு, முடி என்று பார்ப்போம். வளர்கிற பிள்ளையிடம் பார்க்க வேண்டியது உயரம். ஹார்மோன் குறைந்தால் எலும்பு வளர்வது மந்தமாகும். பல பிள்ளைகளிடம் வேறெதுவும் தெரியும் முன்பே உயரம் நின்றுவிடும். எடை கூடினாலும் சில கிலோதான் கூடும், அதிலும் உடம்பில் தங்கும் நீர் ஒரு பங்கு. வயசுக்கு வருவதற்கு முன்னால் ஒரு பிள்ளை வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளரும். 4-க்குக் கீழே போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகள் ஏழாம் வகுப்புக்குப் போகும் ஜூன் மாதம், யூனிஃபார்ம் தைக்கக் கூட்டிக்கொண்டு போனேன். டெய்லர் அண்ணன் டேப்பைத் தோளிலிருந்து கீழே விட்டுப் பார்த்து, நோட்டைப் புரட்டி, "போன வருஷ அளவேதான் அக்கா, மாத்தவே வேண்டாம்" என்றார். பழைய பாவாடையின் மடிப்பைக்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. துணிக்காசு மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த ஜூனிலும் அதே கதை. செருப்பும் அதே நம்பர். இரண்டு வருஷம் தினமும் ஊரார் பிள்ளைகளின் தைராய்டு ரத்தத்தை எடுத்துக்கொண்டிருந்தவளுக்குச் சொந்தப் பிள்ளையின் பாவாடை மடிப்பு சொன்னது கேட்கவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது பொள்ளாச்சியிலிருந்து வந்த என் நாத்தனார்: "ஏங்கண்ணு, எம் பையன் உன்னைவிட ரெண்டு வயசு சின்னவன், அவன் தோளுக்கு நிக்கறே?"

மற்ற அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். மலச்சிக்கல், மற்றவர்களுக்கு வேர்க்கும்போதும் குளிர்கிறது என்று போர்வையைத் தேடுவது, வறண்ட தோல், முன்கழுத்து மெல்லிசாக வீங்கித் தெரிவது, மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது அளவுக்கு மீறிப் போவது, வயசுக்கு வருவது தாமதமாவது. எல்லாம் ஒருவரிடம் இருக்காது. ஒன்று மட்டும் கவனம்: வயசுக்கு வந்து ஒன்றிரண்டு வருஷத்தில் பெண் பிள்ளைகளின் வளர்ச்சி இயல்பாகவே அடங்கும். அப்போது யூனிஃபார்ம் மாறாததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

"கழுத்தைச் சுத்திக் கருப்பா இருக்குதுங்க. தேய்ச்சாலும் போகல. தைராய்டுதானே?"

பெரும்பாலும் இல்லை. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுப்பது, எடை கூடி, இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது வருவது. அது அழுக்கு இல்லை. நாரால் தேய்த்துப் பிள்ளையைப் புண்ணாக்காதீர்கள். சர்க்கரையையும் எடையையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் போங்கள்.

"பையன் மூணு ஆள் சோறு திங்கறான், ஆனா ஒல்லியாயிட்டே போறான். இதுவும் தைராய்டா?"

இருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம். தண்ணீர் அதிகமாகக் குடித்து ராத்திரி அடிக்கடி சிறுநீர் போகிறான் என்றால் முதலில், அன்றைக்கே, சர்க்கரையைப் பாருங்கள்.

தைராய்டு கூடினால், அதாவது கிரேவ்ஸ் என்றால், நெஞ்சு படபடக்கும், நீட்டிய விரல் நடுங்கும், வேர்வை கொட்டும், தூக்கம் வராது, கண் முழித்துப் பார்ப்பது போல் இருக்கும். ஸ்கூலில் இது வேறு மாதிரி தெரியும். கையெழுத்து கோணும், பெஞ்சில் ஒரு இடத்தில் உட்கார மாட்டான், எடுத்ததற்கெல்லாம் கோபம் வரும், மார்க் விழும். "சேர்க்கை சரியில்லை" என்று சொல்லி அனுப்புவார்கள். பையன் நன்றாகத் தூங்கும்போது மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் நாடியை எண்ணிப் பாருங்கள். தூக்கத்திலும் 100-க்கு மேல் ஓடினால் அது திமிர் இல்லை, தாமதிக்காமல் காட்ட வேண்டிய நோய்.

ஒரு சிக்கல் உண்டு. ஹாஷிமோட்டோவிலும் ஆரம்பத்தில் சுரப்பி அடிபடும்போது, சேர்த்துவைத்த ஹார்மோன் சில வாரங்களுக்குக் கசிந்து, கிரேவ்ஸ் மாதிரியே ஆட்டம் காட்டும். பிறகு தானாக அடங்கும். இரண்டையும் பிரித்தறிய டாக்டர் டிஆர்ஏபி என்ற எதிர்ப்பொருள் டெஸ்டை எழுதுவார். விலை கூடுதல்தான். ஆனால் அந்த ஒரு டெஸ்டில் வைத்தியமே திசை மாறும் என்பதால் வீண் செலவு இல்லை.

"டிஎஸ்எச் 6.8. பக்கத்துல கொட்டை எழுத்துல 'ஹை'ன்னு இருக்கு. மாத்திரை ஆரம்பிச்சிடலாமா?"

டிஎஸ்எச் என்பது தைராய்டில் சுரப்பது இல்லை. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி, "வேலையைப் பார்" என்று தைராய்டுக்குப் போடும் அதட்டல். தைராய்டு சோம்பினால் அதட்டல் கூடும். அதனால் டிஎஸ்எச் ஏறினால் தைராய்டு குறைவு என்று அர்த்தம். பெஞ்சில் உட்கார்ந்து இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் பாதிப் பேர்.

பெரும்பாலான லேபுகளில் மேல் எல்லை 4-இலிருந்து 5-க்குள் இருக்கும். 5-க்கும் 10-க்கும் நடுவே டிஎஸ்எச் இருந்து, ஃப்ரீ டி4, அதாவது தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவு, சரியாக இருந்தால் அது நடுவாந்தரம். பல பிள்ளைகளுக்குச் சில மாதத்தில் தானாக இறங்கிவிடும். எடை அதிகமான பிள்ளைகளுக்குச் சுரப்பியில் கோளாறே இல்லாமலும் டிஎஸ்எச் கொஞ்சம் ஏறும். எடை குறைந்தால் அதுவும் குறையும். அதனால் டாக்டர் "மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றால் அவர் கவனிக்கவில்லை என்று நினைத்து வேறு டாக்டரைத் தேடாதீர்கள். 10-க்கு மேல் போனாலோ, டி4 குறைந்தாலோ, கழுத்து வீங்கி உயரம் நின்றாலோ வழக்கமாக மாத்திரை தொடங்குவார்கள்.

இந்த நடுவாந்தரம் நம் ஊரில் அபூர்வமே இல்லை. கொச்சியில் 971 பெரியவர்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வில் 9.4 சதவீதம் பேருக்கு இப்படி இருந்தது. முழுதாகக் குறைந்தவர்கள் 3.9 சதவீதம். அது பெரியவர்களின் கணக்கு. பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

"ஆன்டி டிபிஓ 600-க்கு மேலயாம். அதைக் குறைக்க என்ன கொடுக்கறது?"

ஒன்றும் கொடுக்க வேண்டாம். முதல் கேள்வியில் சொன்ன எதிர்ப்புச் சக்தி சுரப்பியைக் குறிவைத்திருக்கிறது என்பதற்கு அந்த நம்பர் சாட்சி, அவ்வளவுதான். 600 என்பது 300-ஐவிட இரண்டு மடங்கு மோசம் என்று அர்த்தமில்லை. ஒரு தடவை பார்த்துத் தெரிந்துகொண்டால் போதும். மாதாமாதம் அந்த டெஸ்டை எடுக்கச் சொல்லி வருபவர்களிடம் நானே "டாக்டர் எழுதினாரா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதலாளிக்கு அது பிடிக்காது. ஆன்டி டிபிஓ இருந்தும் டிஎஸ்எச் வருஷக்கணக்கில் சரியாக இருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோ விட்டு டிஎஸ்எச் பார்த்தால் போதும்.

"பாலக்காட்டுல ஒரு நம்பர், கோயமுத்தூர்ல ஒரு நம்பர். யாருங்க பொய் சொல்றது?"

யாரும் இல்லை. எல்லைப்புறத்தில் இருப்பவர்களுக்கு இந்த வழக்கம் உண்டு: இந்த மாதம் அந்தப் பக்கம், அடுத்த மாதம் இந்தப் பக்கம். ஒவ்வொரு லேபின் மெஷினும் வேறு, இயல்பு எல்லையும் வேறு. ஃப்ரீ டி4-ஐ ஒருவர் நானோகிராமிலும் இன்னொருவர் பிகோமோலிலும் கொடுப்பார்கள். 1.2 திடீரென 15 ஆகிவிட்டது என்று அழுதுகொண்டு வந்த ஓர் அம்மாவுக்கு, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அடுத்து, டிஎஸ்எச் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ராத்திரியிலும் விடிகாலையிலும் ஏறும், மதியத்துக்கு மேல் இறங்கும். முடிந்தவரை ஒரே லேப், ஒரே நேரம்.

இரண்டு விஷயங்கள் ரிசல்ட்டையே கெடுக்கும். ஒன்று, அன்றைய தைராய்டு மாத்திரையை விழுங்கிவிட்டு வருவது. டி4 சில மணி நேரம் ஏறித் தெரியும். ரத்தம் கொடுத்துவிட்டு விழுங்குங்கள். இன்னொன்று, முடிக்கு என்று வாங்கும் பயோட்டின் மாத்திரை. பல மெஷின்களில் அது டிஎஸ்எச்-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் பொய்யாகக் காட்டிவிடும். நல்ல பிள்ளைக்கு கிரேவ்ஸ் என்று படும். டெஸ்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். அளவு பெரிதென்றால் எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேளுங்கள். "முடிக்கு ஏதாவது சாப்பிடறியா கண்ணு?" என்று நான் கேட்பது வம்புக்கு இல்லை.

"மாத்திரையை எப்படிக் கொடுக்கறது? ஸ்கூல் பஸ் ஏழேகாலுக்கே வந்துடுதுங்க."

தைராய்டு குறைவுக்குக் கொடுக்கும் தைராக்ஸின் மாத்திரையை எழுந்ததும் வெறும் வயிற்றில், சாதா தண்ணீரில். சாப்பிடுவதற்கு முன்னால் அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி. காபியும் டீயும் பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான். இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். ஸ்கூலில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் இரும்பு மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் பிரச்சினை இல்லை.

பஸ்தான் பிரச்சினை என்றால் ஐந்தரைக்கு ஒரு தடவை தட்டி எழுப்பி விழுங்கவைத்து, மறுபடி படுக்கவிடுங்கள். என் வீட்டில் அப்படித்தான். தலைமாட்டில் சொம்புத் தண்ணீரும் மாத்திரையும் ராத்திரியே தயாராக இருக்கும், அவள் கண்ணைத் திறப்பதே இல்லை. அதுவும் முடியாவிட்டால், ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துக் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். பாட்டிலை அடுப்பு மேடையில் வைக்காதீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் நம் ஓட்டு வீடுகளுக்குள் அடிக்கும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இந்த மாத்திரை வீரியம் இழக்கும். மூடி இறுக்கமாக, நிழலில்.

"ஒரு நாள் மறந்துட்டா?"

ஒன்றும் ஆகாது. மருந்தில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏழு நாள் ஆகும். அன்றைக்கே நினைவு வந்தால் கொடுத்துவிடுங்கள். வாரத்துக்கு மூன்று நாள் மறப்பதுதான் ஆபத்து. அந்தப் பிள்ளைகளின் டிஎஸ்எச் ஒருமுறை 3, அடுத்த முறை 22 என்று ஊஞ்சலாடும். டாக்டர் மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார். மறந்ததை அவரிடம் மறைக்காதீர்கள்.

"50 இருந்ததை 75 ஆக்கிட்டாங்க. நோய் முத்திடுச்சுங்களா?"

பிள்ளை வளர்ந்துவிட்டது. அளவை எடைக்குத்தான் கணக்கிடுகிறார்கள். சின்னப் பிள்ளைக்குக் கிலோவுக்கு 4, 5 மைக்ரோகிராம் தேவைப்படும் இடத்தில், பன்னிரண்டு தாண்டியதும் 2, 3 போதும். வளர்ச்சி முடிந்தபின் 1.6 அளவுக்கு வரும். எடை ஏற ஏற மொத்த அளவும் ஏறும். சட்டை சைஸ் மாறுவது போல. அளவு மாறினாலும், கம்பெனி மாறினாலும், ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் பாதி வழியில் எடுத்த படம் மாதிரி.

இன்னொன்று. பாட்டிலில் எழுதியிருப்பது மைக்ரோகிராம். "அம்பது மில்லிகிராம்" என்று சொல்லிப் பழகாதீர்கள். இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

"காலம் பூரா சாப்பிடணுமா?"

ஹாஷிமோட்டோவில் டிஎஸ்எச் 10-ஐத் தாண்டி, டி4-உம் குறைந்து மாத்திரை தொடங்கிய பிள்ளைகளில் பலருக்கு ஆமாம். நடுவாந்தரத்தில் தொடங்கியவர்களுக்கு, வளர்ச்சி முடிந்தபின் டாக்டர் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது உண்டு. சிலருக்குத் தேவைப்படாமலே போகும். நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தியதும் ஒன்றும் தெரியாது, அதுதான் ஏமாற்றுவது. ஒரு நாள் மறப்பதைப் பற்றிய கேள்வியில் சொன்னபடி மருந்து மெல்லத்தான் இறங்கும். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பழைய கதை.

சுரப்பி தரவேண்டிய அதே ஹார்மோனை மாத்திரையாகத் தருகிறோம், புதிதாக எதையும் உடம்புக்குள் திணிக்கவில்லை. விலையும் குறைவு. ஜன் ஔஷதியிலும் காருண்யா மருந்துக் கடையிலும் கேட்டுப் பாருங்கள்.

"கிரேவ்ஸுக்குக் கார்பிமசோல் கொடுக்கறாங்க. காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் போதுங்களா?"

போதாது. இந்தப் பக்கத்தில் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது இது ஒன்றுதான். சுரப்பியின் வேகத்தை அடக்கும் கார்பிமசோல் சாப்பிடும் பிள்ளைக்குக் காய்ச்சலோ, தொண்டை வலியோ, வாய்ப்புண்ணோ வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போய் ரத்த வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மிக அபூர்வமாக அந்த மருந்து வெள்ளையணுக்களை அடியோடு குறைத்துவிடும். அப்போது சாதாரணத் தொண்டை வலியே உயிருக்கு ஆபத்தாகும். ராத்திரி என்றால் ராத்திரியே போங்கள். கண் மஞ்சளானாலும் உடனே போக வேண்டும்.

கிரேவ்ஸ் ஹாஷிமோட்டோவைவிடச் சள்ளை பிடித்தது. பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம், சில சமயம் அதற்கும் மேல் மாத்திரை ஓடும். அப்படியும் முழுக்க அடங்குவது சிலருக்குத்தான். அடங்காவிட்டால் ஆபரேஷன் அல்லது கதிரியக்க அயோடின். அதன்பிறகு தைராக்ஸின் மாத்திரை தொடரும். அதைக் கேட்டதும் "எப்படியும் மாத்திரைதானே, எதுக்கு ஆபரேஷன்?" என்பார்கள். ஓடுகிற குதிரையைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட, நின்ற குதிரைக்குப் புல் போடுவது சுலபம்.

"வைத்தியசாலையில கஷாயம் தர்றாங்க. மாத்திரையை விட்டுட்டு அதைக் குடிக்கலாமா?"

கேரளத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? என் மாமியாரின் முட்டிவலிக்கு நானே தைலம் வாங்கித் தருகிறேன். ஆனால் தேய்ந்துபோன சுரப்பி செய்யாத ஹார்மோனைக் கஷாயத்தால் செய்ய முடியாது. குடிக்க ஆசைப்பட்டால், மாத்திரையை விடாமல், இரு டாக்டர்களிடமும் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். கடல்பாசி மாத்திரை, 'தைராய்டு பவுடர்' என்று ஆன்லைனில் வருவதை மட்டும் வாங்காதீர்கள். கடல்பாசியில் அயோடின் அளவுக்கு மீறி இருக்கலாம். ஏற்கெனவே அடிபடும் சுரப்பிக்கு அது இன்னொரு அடி.

"அக்கா, டிஎஸ்எச் நார்மலாயிடுச்சு. ஆனாலும் தூக்கமாவே வருது, முடி கொட்டுது. வீட்ல சோம்பேறின்னு திட்டறாங்க."

இதைக் கேட்டது பிளஸ் ஒன் படிக்கும் பெண். அம்மா காசு கட்டப் போன நேரம் பார்த்து மெல்லக் கேட்டாள். கண்ணு, டிஎஸ்எச் சரியானபிறகும் முடி திரும்ப மாதக்கணக்காகும். தூக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், வைட்டமின் டி, பி12 பார்க்கச் சொல்லிக் கேள். மாதவிடாய் அதிகமாகப் போனால் ரத்தம் குறைந்திருக்கும். ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்த்தால் அதுவும் காரணம்தான், உன் அம்மாவிடம் சொல்ல மாட்டேன். எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாக இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், அதை டாக்டரிடம் நீயே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: மருந்து தொடங்கும்முன் அந்தப் பிள்ளை உண்மையிலேயே பிரேக் பிடித்த வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைய மார்க்கை வைத்து இன்றைக்குத் திட்டாதீர்கள்.

"நாளைக்குக் கல்யாணம் பேசறப்ப சொல்லணுங்களா? கொழந்தை பொறக்குமா?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். பிறக்கும். டிஎஸ்எச் சரியாக இருந்தால் தடையே இல்லை. கர்ப்பத்தின் முதல் வாரங்களிலேயே மருந்தின் தேவை கூடும் என்பதால், நாள் தள்ளியதும் டாக்டரிடம் போக வேண்டும், அவ்வளவே. கார்பிமசோல் சாப்பிடுபவர் என்றால் கர்ப்பத்துக்கு முன்பே பேச வேண்டும்.

சொல்ல வேண்டுமா என்றால், சொல்லிவிடுங்கள் என்பேன். தினமும் காலையில் ஒரு மாத்திரை விழுங்குவதை எத்தனை நாள் ஒளிப்பது? அதைக் கேட்டு எழுந்துபோகிற சம்பந்தம் போகட்டும். மாப்பிள்ளையின் அம்மாவே பையில் அதே பாட்டிலோடு வந்த கதையும் எனக்குத் தெரியும்.

"கழுத்துல ஒரு பக்கம் மட்டும் கோலிக்குண்டு மாதிரி உருளுது."

முன்கழுத்து இரு பக்கமும் ஒரே சீராக வீங்குவது ஹாஷிமோட்டோவில் சகஜம். தனியாக ஒரு கட்டி கையில் பட்டால் அது வேறு கணக்கு. பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் தைராய்டுக் கட்டியில் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு அதிகம். ஸ்கேனும், தேவைப்பட்டால் ஊசி வைத்து எடுக்கும் டெஸ்டும் செய்துவிட வேண்டும். புற்றாகவே இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகக் குணமாகிவிடுகிறார்கள். தள்ளிப்போடுவது மட்டும் கூடாது.

"அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்ப என்ன எடுத்துட்டுப் போகட்டும்?"

பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும், தேதி வரிசையில். மலையாளத்தில் எழுதிய சீட்டைக் கோயமுத்தூரிலும் தமிழில் எழுதியதைப் பாலக்காட்டிலும் நீட்டி விழிக்க வேண்டாம். மாத்திரை பாட்டிலையே கையில் கொண்டுபோங்கள். சீட்டில் 37.5 என்று இருக்கும், வீட்டில் 75-ஐப் பாதியாக உடைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள், பாதி எது முக்கால் எது என்று தெரியாமல் தூளாகியிருக்கும். அதையும் காட்டுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. செருப்பில்லாமல், சுவரோடு குதிகால் ஒட்ட நிறுத்தி, தலைமேல் ஸ்கேலை வைத்து அளந்த உயரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேதி போட்டு எழுதுங்கள். பிள்ளையின் தம்பி தங்கைகளுக்கும் அதே நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவர்களுக்கும் டெஸ்ட் தேவையா என்று கேட்பவர்களுக்கு என் பதில் அதுதான். உயரம் ஒழுங்காக ஏறி, கழுத்தும் சரியாக இருந்தால் அவசரப்பட்டு ஊசி குத்த வேண்டாம். என் மகள் மாத்திரை தொடங்கிய முதல் வருஷத்தில் 9 சென்டிமீட்டர் வளர்ந்தாள். அந்த ஜூனில் டெய்லர் அண்ணன் இரண்டு தடவை டேப்பை விட்டுப் பார்த்தார்.